சுத்தமாக்கும் கருவிக்கு ஒரு பாராட்டு

பழைய ஜாவா நிரலில் பல வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் வேலையை 'ஆஸ்பெக்ட்' என்ற தனிப் பகுதியாகப் பிரித்துத் தரும் கருவியின் திறமையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். லாகிங், அனுமதிச் சோதனை என்று வகுப்புதோறும் சிதறிக் கிடக்கும் ஒரே மாதிரி வரிகளை அலுக்காமல் தேடிப் பிடிக்கிறது. எந்த மெத்தடைப் பல இடங்களிலிருந்து அழைக்கிறார்கள் என்று எண்ணி, பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. அவற்றில் எது ஆஸ்பெக்ட், எது வெறும் உதவி மெத்தட் என்று தீர்மானிக்கும் பெருமையை நமக்கே விட்டுவிடுகிறது.

அதன் திறமைக்குச் சாட்சியும் உண்டு. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப இந்தக் கருவிகளை ஓட்டிப் பார்த்தது ஜேஹாட்டிரா என்ற, படம் வரைவதற்கான நிரலில். எரிக் காமாவும் தாமஸ் எகென்ஷ்விலரும் நல்ல வடிவமைப்பைக் காட்டுவதற்கென்றே எழுதிய நிரல் அது. ஒழுங்கான வீட்டை ஒழுங்குபடுத்துவதில் கருவி நன்றாகவே தேறியது.

1997-இல் ஜெராக்ஸ் பார்க்கில் கிரெகர் கிக்சாலெஸ் குழு ஆஸ்பெக்டுகளுக்கென முன்வைத்த நோக்கம், சிதறியதை ஓரிடத்தில் சேர்ப்பது. கருவி அதைச் சொன்னபடி செய்கிறது. பிரித்தெடுத்த பின் வங்கிக் கணக்கு வகுப்பைத் திறந்தால் அனுமதி கேட்கும் வரி ஒன்றுகூட இருக்காது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அங்கே ஒரு சோதனை நடப்பதே தெரியாது. அந்தக் கவலையும் அவருக்கு இல்லை.

ஆஸ்பெக்ட் எந்தெந்த மெத்தட்களில் ஓட வேண்டும் என்று சொல்லும் விதிதான் பாயின்ட்கட். அது சொன்ன சொல் தவறாது. 'செட்' என்று தொடங்கும் எல்லாவற்றுக்கும் முன்னால் சோதனை செய் என்றால், செய்யும். பிறகொருவர் 'செட்பேலன்ஸ்' என்பதை 'அப்டேட்பேலன்ஸ்' என்று மாற்றுகிறார். நிரல் பிழையில்லாமல் கம்பைல் ஆகிறது. அங்கே சோதனை அன்றோடு நின்றுவிடுகிறது. மற்ற 'செட்'கள் பொருந்திக்கொண்டே இருப்பதால் எச்சரிக்கைகூட வராது. முன்பு சோதனை வரியை யாராவது நீக்கினால் ரிவ்யூவில் சிவப்பாகத் தெரியும், ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தத் தொல்லையும் ஒழிந்தது. 'செட்டில்' என்று ஒரு மெத்தட் எழுதினாலோ, கேட்காமலே அதற்கும் சோதனை ஒட்டிக்கொள்ளும். பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கும் பாயின்ட்கட்டைத் தரும் கருவி இன்னும் நிதானமானது: நாளை எழுதப்போகும் எந்த மெத்தடையும் அது தொடாது.

மாற்றத்துக்கு முன்னும், பிறகு ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்குப் பின்னும், சோதனை ஓடும் இடங்களைப் பட்டியலெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு ஆள் இல்லாத அணி, அனுமதி வரிகளை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கட்டும்.