பன்னிரண்டு வயதுக் கோப்பைக்குப் பெரியவர்கள் தயாராவது எப்படி?

கம்போங் குவாந்தான் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பந்துப் போட்டி என்றால், ஆடப்போகிற பையன் தயாராக ஐந்து நிமிடம் போதும். முந்திய இரவு துவைத்து இன்னும் ஈரம் காயாத ஜெர்சி, அண்ணன் போட்டுக் கழித்த சப்பாத்து, அதன் நுனியில் அடைக்க ஒரு பழைய காலுறை. வேலை முடிந்தது. அப்பாவுக்குத்தான் ஒரு வாரம் பிடிக்கும். இந்த வழிகாட்டி அவருக்காக எழுதப்பட்டது. அவரோடு மோட்டாரிலும் வேனிலும் வந்து இறங்குகிற பயிற்சியாளர், தாத்தா, பெரியம்மா, ஏற்பாட்டுக் குழுவினர் எல்லாரும் படித்துப் பயன்பெறலாம்.

முதலில் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்கள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் கோடு சுண்ணாம்பில் போட்டது. விடிகாலை பனியிலும் முதல் மூன்று ஆட்டத்தின் கால்களிலும் அது போய்விடும். இல்லாத கோட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னால் எப்படி நிற்பது? ஆகவே ஒவ்வொரு கோலுக்கும் ஓரடி உள்ளே வாருங்கள். இரண்டாம் பாதியில் வலது ஓரத்தில் ஓடுகிற பையன் எதிரணியைத் தாண்டுவதற்கு முன்னால் நான்கு தொப்பைகளையும் ஒரு மடக்கு நாற்காலியையும் தாண்டியாக வேண்டும். இதுவும் ஒரு பயிற்சிதான். தேசிய அணிக்குப் போனால் உதவும்.

பந்து திடலை விட்டுப் போனால் எடுத்து வர ஓடாதீர்கள், அது சின்னவர்கள் வேலை. இங்கே திடல் முடிகிற இடத்தில் செம்பனை தொடங்கிவிடும். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917-இல் நம் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தெனமாரம் தோட்டத்தில் நடந்தது. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்கிற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசும் வாங்கினார். துரைக்குப் பரிசு கிடைத்தது. அவர் தொடங்கி வைத்த மரத்தின் மட்டை முள் நூறு வருடம் கழித்தும் நம் பையன்களின் பந்தைக் குத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு பந்து கொண்டு வாருங்கள்.

அடுத்தது சத்தம். சத்தம் போடாத அப்பாவைப் பையன்மேல் அக்கறை இல்லாதவர் என்று நினைப்பார்கள். எனவே தொடர்ந்து போடவும், ஆனால் ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் சொல்லக்கூடாது. பயிற்சியாளர் "பாஸ் குடுடா" என்னும்போது நீங்கள் "ஷூட், ஷூட்" என்று கத்த வேண்டும். உங்கள் மைத்துனர் அதே நேரத்தில் "பின்னால பாரு, மேன் ஆன்!" என்பார். பந்து காலடியில் இருக்க, பத்து வயதுப் பையன் மூன்று பேரையும் ஒரு தடவை பார்ப்பான். அந்த ஒரு வினாடியில் எதிரணிப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். உடனே மூவரும் ஒரே குரலில், "எங்கடா பாத்துக்கிட்டு இருக்க?" காலை முழுக்க நீங்கள் மூவரும் ஒத்துப்போகும் ஒரே இடம் இதுதான். அனுபவித்துக்கொள்ளுங்கள்.

"ஆஃப்சைட்!" என்று கத்துவதற்குத் தனி இலக்கணம் உண்டு. எறி பந்திலிருந்தும் கோல் உதையிலிருந்தும் கார்னரிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைட் இல்லை என்று கால்பந்து விதிகள் சொல்கின்றன. ஏழு பேர் ஆடும் சிறுவர் போட்டிகள் பலவற்றில் ஆஃப்சைடே கிடையாது. இவையெல்லாம் தெரியாமல் கத்துவது சுலபம். தெரிந்துகொண்டு கத்துவதற்குத்தான் மனோதிடம் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. சனிக்கிழமை இரவு, கோலாலம்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு நீங்கள் மின்மினி பார்க்கப் போயிருப்பீர்கள். சிலாங்கூர் ஆற்றில் சம்பான். துடுப்புப் போடுகிறவர் ஏறும்போதே சொல்லிவிடுவார்: ஃபிளாஷ் அடிக்கக்கூடாது, டார்ச் அடிக்கக்கூடாது, சத்தம் கூடாது. கரையோர பெரெம்பாங் மரங்களில் அரை சென்டிமீட்டரை ஒட்டிய பூச்சிகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் மின்னும். ஆண்பூச்சி பெண்பூச்சியைக் கூப்பிடுகிற வேலை அது, வெளிச்சம் குறுக்கே விழுந்தால் கெட்டுப்போகும். நீங்கள் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளுவீர்கள். அழப்போன பேரக்குழந்தையின் வாயைப் பொத்துவீர்கள். நாற்பது நிமிடம் மூச்சுவிடும் சத்தம்கூட வராது. அந்தப் பூச்சிக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கக் காரணம், அது உங்கள் பிள்ளை இல்லை என்பதுதான். மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஓய்வெடுத்த அந்தத் தொண்டையைத் திடலுக்குக் கொண்டு வாருங்கள்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துச் சிறுமியர் கால்பந்து லீக் ஒன்று 1999-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர், பயிற்சியாளர் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. சில ஊர்களில் திடல் வாசலிலேயே பெரியவர்கள் வாயில் குச்சி மிட்டாயைக் கொடுத்து உள்ளே விடுகிறார்களாம். நம் பக்கம் இது நடக்காது. குச்சி மிட்டாயை மென்று முழுங்கிவிட்டு ஹோன் அடிப்போம்.

நடுவரை நடத்தும் முறைக்கு வருவோம். அவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளியின் இளம் ஆசிரியராகவோ, நடுவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையனாகவோ இருப்பார். காலையிலிருந்து நிழல் இல்லாத திடலில் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் ஓடிக்கொண்டிருப்பார். கையில் கிடைப்பது பெட்ரோல் காசும் ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும். ஆட்டத்தில் நடந்தது பற்றி அவர் சொன்னதே முடிவு என்பது ஐந்தாம் விதி. எனவே அவர் முடிவு சொன்ன பிறகுதான் நீங்கள் தொடங்க வேண்டும். "என்னாங்க ரெஃப்ரி, கண்ணு தெரியலையா?" என்பது பழைய பாணி. இப்போதெல்லாம் கைப்பேசியில் பிடித்ததை ஓடிப்போய்க் காட்டுகிறார்கள். அதில் உங்கள் கட்டைவிரலும் வானமும் தெரியும், நடுவே ஏதோ ஓடும். பெனால்டிக்கு அது போதுமான ஆதாரம். 2019-இலிருந்து பயிற்சியாளர்களுக்கும் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை காட்டலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். அப்பாக்களுக்கு அட்டை இன்னும் வரவில்லை. வருவதற்குள் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஐஸ் ஹாக்கிக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். சிரிக்காதீர்கள், நம் நாட்டிலும் அந்த ஆட்டம் உண்டு. 2017-இல் கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் முதன்முதலாகச் சேர்த்தார்கள். பனித்தரையில் சின்னத் தப்பு செய்தவனை இரண்டு நிமிடம் ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்துவிடுவார்கள். அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். நமக்குப் பெட்டி கட்ட நிதி வேண்டாம். கோல் கம்பத்துக்குப் பின்னால் செம்பனை நிழலில் ஒரு பெஞ்சு போட்டால் தீர்ந்தது. இரண்டு நிமிடம் உட்காரட்டும். கொசுவுக்கும் தீனி ஆச்சு.

இனி பயிற்சியாளர்களுக்கு. முக்கியமான பாடம் வயது. மைகிட் அட்டையில் பெயர் இருக்கும், எண் இருக்கும், எண்ணின் முதல் ஆறு இலக்கத்தில் பிறந்த தேதி இருக்கும். படம் மட்டும் இருக்காது. படம் போட்ட மைகார்ட் பன்னிரண்டு வயதுக்குப் பிறகுதான். பதின்மூன்று வயதுப் பையனைத் தம்பியின் மைகிட்டோடு இறக்குகிற கலை இந்த இடைவெளியில் பிறந்தது. செய்முறை எளிது: வேனில் வரும்போதே பையனுக்குப் புதுப் பெயரையும் புதுப் பிறந்தநாளையும் மனப்பாடம் செய்வித்துவிடுங்கள். மீசையைப் பற்றிக் கேட்டால் பால் குடித்தான் என்று சொல்லலாம். எல்லாம் சரியாக நடக்கும், முதல் கோல் விழும்வரை. கோல் விழுந்ததும் கூடாரத்திலிருந்து அம்மா எழுந்து, பெற்று வைத்த பெயரை நாலு ஊருக்குக் கேட்கக் கத்துவார். அம்மாவுக்கு ஒத்திகை கொடுக்க மறந்த பயிற்சியாளர்களே இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கையில் தம்பியின் அட்டை, திடலோரத்தில் தண்ணீர் போத்தல் தூக்கிக்கொண்டு அந்தத் தம்பியே நிற்கிறான். ஏற்பாட்டாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார். தம்பிதான் பாவம், தன் பெயரில் அடித்த கோலுக்குக் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்பான்.

சின்னப் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு மாதிரி. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பெஸ்தாரி ஜெயாவுக்கும் கோலசிலாங்கூருக்கும் கிள்ளானுக்கும் போய்விட்ட பிறகு, சில தமிழ்ப்பள்ளிகளில் ஏழு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. மூன்றாம் ஆண்டுப் பையன் கோல் காவலில் நிற்கிறான். கையுறை என்ன தெரியுமா? அப்பா குலை வெட்டப் போகும்போது போடுகிற, உள்ளங்கையில் ரப்பர்ப் புள்ளி வைத்த பருத்தி உறை. மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருப்பான். மழை விட்ட திடலில் கோல் வாய்க்கு முன்னால் ஒரு குட்டை இருக்கும். பந்து அதில் விழுந்து நிற்க, அவன் அதற்குமேல் விழுவான். எழும்போது உறை முழுக்கச் சேறு, பந்து மட்டும் கைக்குள். அவனுக்கு ஆலோசனை சொல்ல இந்தக் கையேட்டில் எதுவும் இல்லை.

ஆனால் தாத்தாக்கள் சொல்வார்கள். எந்தக் காவலனைப் பார்த்தாலும், "ஆறுமுகத்தை நீ பாத்திருக்கணும்டா" என்று தொடங்குவது மரபு. ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட கோல் காவலர். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தவர்; புறக்கணிப்பால் அந்த அணி மாஸ்கோ போகவே இல்லை. 1988-இல் சாலை விபத்தில் போய்விட்டார். தாத்தாவுக்கு இரண்டும் ஆறவில்லை, அதில் தப்பில்லை. அந்தக் கதையை ஆட்டம் முடிந்து பையன் மைலோ குடிக்கும்போது சொன்னால் வாய் பிளந்து கேட்பான். கார்னர் வரும் நேரம் பார்த்துக் கம்பத்துக்குப் பின்னால் நின்று சொல்வதுதான் வழக்கமாக இருந்து வருகிறது. வழக்கத்தை மாற்ற நாம் யார்?

மைலோ என்றதும் ஞாபகம் வருகிறது. பச்சை வேன் வந்தால் வரிசையில் பையன்களுக்கு முன்னால் பெரியவர்கள் நிற்க வேண்டும். சிறுவர்களுக்கு அடுத்த ஆட்டம் இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது?

ஒய்பி வருவதாக இருந்தால் அரையிறுதியை நிறுத்திவைத்து வெயிலில் அணிகளை வரிசையாக நிறுத்துங்கள். உரை குறுகியதாக இருக்கும் என்பார்.

இடி. சிலாங்கூரில் மதியத்துக்கு மேல் வானம் கறுப்பது புதிதில்லை. உலகில் மின்னல் அதிகம் விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. இடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் திடலை விட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும், மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் எழுதியபடியே செய்யுங்கள். "இன்னும் பத்து நிமிஷந்தானே, தூரமாத்தான் இடிக்குது" என்று சொல்கிற அப்பா ஒருவர் எப்போதும் இருப்பார். அவரைக் கம்பத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

தோற்றுவிட்டீர்களா? கவலை வேண்டாம், ஆட்டம் இப்போதுதான் பெரியவர்கள் கைக்கு வருகிறது. 'பந்தாஹான்' போடலாம். ஆட்சேபத்தை எழுத்தில், குறித்த நேரத்துக்குள், அணி நிர்வாகியின் கையெழுத்தோடு, ரொக்கக் கட்டணத்தோடு கொடுக்க வேண்டும் என்று போட்டி விதித்தாளின் கடைசி வரியில் இருக்கும். அந்த வரியை அதுவரை யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஒரு பேனா இரவல் வாங்குங்கள். காரின் முன்மூடிமேல் தாளை வைத்து எழுதுங்கள். நான்கு அப்பாக்கள் நான்கு பக்கமிருந்து வாசகம் சொல்லட்டும். எதிரணியின் ஒன்பதாம் எண்ணுக்கு மீசை இருக்கிறது என்று எழுதலாம், உங்கள் ஐந்தாம் எண்ணுக்கு அதைவிட அடர்த்தியாக இல்லாத பட்சத்தில். கட்டணத்துக்கு எல்லாருடைய பையிலிருந்தும் பத்துப் பத்து வெள்ளியாகச் சேரும். நாற்பது வருடமாக ஒரே தோட்டத்தில் இருந்தும் கோயில் வரிக்கு இவ்வளவு சீக்கிரம் பணம் சேர்ந்ததில்லை.

குழு கூடாரத்துக்குள் போய் அரை மணி நேரம் பேசும். பையன்கள் இதற்குள் இரண்டு அணியும் கலந்து, பழுதான பந்தை வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கியிருப்பார்கள். அதற்குக் கோப்பை கிடையாது என்பதால் நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. குழு வெளியே வந்து ஆட்சேபம் தள்ளுபடி என்று சொல்லும். தள்ளுபடியானால் கட்டணம் திரும்பாது. அது குழுவின் மதியச் சாப்பாட்டுக் கணக்கில் சேரும். கோழிக் குழம்பு வாசனை வரும்போது தயங்காமல் உள்ளே போய் உட்காருங்கள். ரசீது கேட்டு வாங்கியிருந்தால் தொடைக்கறி கேட்கவும் உரிமை உண்டு.