ரெகேவுக்கு ஒரு அக்கா

கேள்வி: ரெகே கேட்டிருக்கிறேன். 'ஸ்கா' எனக்குப் புதிது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: கிங்ஸ்டனிலிருந்து, அதுவும் எழுந்து நின்றபடி! ஸ்கா, ரெகேவுக்கு அக்கா. 1950-களின் கடைசியில் ஜமைக்காவில் பிறந்தவள். தங்கை நிதானக்காரி, அக்காவுக்கோ கால் தரையில் நிற்காது. காரணம் கிதார்: தாளம் விழும் இடத்தை விட்டுவிட்டு, இரண்டு அடிகளுக்கு நடுவே வெட்டி வெட்டி ஒலிக்கும்.

முதலில் ஸ்காடலைட்ஸ். 1964-இல் கூடி, அடுத்த ஆண்டே கலைந்த குழு. 'கன்ஸ் ஆஃப் நவரோன்' கேளுங்கள். பிறகு அவர்களுடைய டிராம்போன் கலைஞர் டான் டிரம்மண்டைத் தேடித்தேடிக் கேளுங்கள். குதியாட்டத்துக்கு நடுவிலும் அவர் ஊதலில் ஒரு துக்கம் இருக்கும். அவரும் சாக்ஸபோன் டாமி மெக்குக்கும் கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் வாத்தியம் கற்றவர்கள். அந்தச் சகோதரிகளுக்கு உலகமே ஒரு கும்பிடு போடலாம்!

அடுத்து 'சிம்மர் டவுன்', 1964. பாடுவது இளம் பாப் மார்லியும் வெய்லர்ஸும். பின்னணியில் அதே ஸ்காடலைட்ஸ். மில்லி ஸ்மாலின் 'மை பாய் லாலிபாப்' இரண்டு நிமிட இனிப்பு, உடனே பிடித்துவிடும்.

அதன்பின் இங்கிலாந்துக்குத் தாவுங்கள். கோவென்ட்ரி நகரத்து ஸ்பெஷல்ஸ், 1979-இல் வந்த முதல் ஆல்பம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று இனவெறிக்கு எதிராக வாசித்த குழு அது. அமெரிக்க ஸ்கா-பங்க்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்று இரவு டிரம்மண்ட்!