சங்கத்தால் என்ன லாபம்?

விஞ்ஞானிகள் சங்கம் வைத்து என்ன சாதிக்கிறார்கள்? வருஷத்துக்கு ஒரு மாநாடு, ஆளுக்கொரு பொன்னாடை, அப்புறம் சாப்பாடு. அவ்வளவுதானே?
– வாசகர், கரூர்

நோபல் பரிசு கணக்கில் சேருமா? கொல்கத்தாவில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நன்கொடை திரட்டி 1876-இல் தொடங்கியது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். சொற்பொழிவுகள் நடந்தன, ஆராய்ச்சிக்குத்தான் ஆள் இல்லை. 1907-இல் அந்த ஊருக்கு வேலைக்கு வந்த நிதித்துறை அதிகாரி ஒருவர் உள்ளே நுழைந்தார். ஆபீஸுக்கு முன்னும் பின்னும் அங்கேதான் ஆராய்ச்சி. திருச்சியில் பிறந்த சி.வி.ராமன்! 1928-இல் ராமன் விளைவு, 1930-இல் நோபல்.

மகேந்திரலால் 1904-லேயே மறைந்துவிட்டார். பலனைப் பார்க்காமலே பாடுபட்ட அவர்தான் என் கண்ணுக்குப் பெரியவர். உங்கள் ஊரில் அறிவியல் சங்கம் இருந்தால் சந்தா கட்டுங்கள். ஆய்வுக்கூடத்துக்கு என்று சொல்லிக் கட்டுங்கள்.