எடுக்கறதும் எடுக்காததும்

வா அப்புனு, திண்ணையில உக்காரு. குரூப் 4 எழுதி வேளாண்மை ஆபீசுல சேந்துட்டயாமா, அமராவதி நகரே அதைத்தான் பேசுது. உங்கப்பன் ஊரெல்லாம் மைசூர்பாகு குடுத்தான். நான் என்னத்தக் குடுக்க? புத்திமதி நாலு சொல்றேன். எடுக்கறதும் எடுக்காததும் உன்ற இஷ்டம். முழிக்காத, புத்தியச் சொன்னேன்.

சர்க்கார் பணத்துல கை வெக்கறதுன்னா மொதல்ல பொய்க்கணக்கு எழுதத் தெரியோணும். பீகார்ல கால்நடைத் துறைக்காரங்க 950 கோடி கிட்ட முழுங்குனாங்க. இல்லாத மாட்டுக்குத் தீவனம், இல்லாத மாட்டுக்கு மருந்து, எல்லாத்துக்கும் பில்லு இருந்துச்சு. மாடு ஏத்திட்டு வந்த வண்டின்னு எழுதியிருந்த நெம்பரத் தணிக்கைக்காரங்க தேடிப் பாத்தா, அதுல ஸ்கூட்டரும் இருக்குது! கண்ணபுரம் சந்தையில நான் பாத்திருக்கேன். ஒரு காங்கேயங் காளைய டெம்போவுல ஏத்தறதுக்குள்ள ஒருத்தன் மூக்கணாங்கயித்த இழுக்கோணும், ரெண்டு பேரு பின்னால தள்ளோணும், நாலாவது ஆளு மிதி வாங்கோணும். அந்தூரு மாடு சமத்து, பின்சீட்டுல காலத் தொங்கப் போட்டுட்டு வந்திருக்குது. 1996 சனவரியில அமித் கரேன்னு ஒரு அதிகாரி, நம்மூரு கலெக்டர் மாதிரி, சாய்பாசாவுல கால்நடை ஆபீசுக்குள்ள நொழஞ்சாரு. குட்டு ஒடஞ்சுது. முதலமைச்சரா இருந்த லாலு பிரசாத்துக்கு 2013-ல அஞ்சு வருசம் தண்டனை. ஆபீசருங்களும் கூடவே போனாங்க. கேசு நடந்தது மாட்டுவண்டி வேகத்துலன்னு வெச்சுக்க.

அட, பீகாரு எதுக்கு? உன்ற துறையிலயே 2020-ல நடந்துச்சே. பிரதமர் கிசான் திட்டம், வருசத்துக்கு 6,000, மூணு தவணையா வெவசாயி கணக்குல ஏறும். கொரோனா வந்து நாடே கதவச் சாத்திட்டு உக்காந்திருந்தப்ப, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் வெவசாயி மட்டும் பெருகுனான். ஏரு இல்ல, வரப்பு இல்ல, சிட்டாவும் இல்ல. ஆனா தவணை ஏறுது. அப்பறம் வேளாண்மைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடியே கணக்கச் சொன்னாரு: தகுதியில்லாதவங்க அஞ்சரை லட்சம் பேரு, போன பணம் 110 கோடி. 80 பேர வேலைய விட்டுத் தூக்குனாங்க, 34 பேரு சஸ்பெண்டு. சிபிசிஐடி வந்து கம்ப்யூட்டர் சென்டர்க்காரன், புரோக்கரு, ஆபீசு ஆளுன்னு புடிச்சிட்டுப் போச்சு.

இத்தனைக்கும் எவனும் கஜானாவ ஒடைக்கல. ஆபீசுல இருக்கோண்டிய பாஸ்வேர்டு வெளிய இருக்கறவன் கைக்குப் போயிருச்சு, அவ்வளவுதான். சாணக்கியரு சர்க்கார் பணத்த அமுக்க 40 வழின்னு பட்டியல் போட்டு வெச்சவரு. பாவம், இது ஒண்ண உட்டுட்டாரு.

எனக்கு அதுல வயித்தெரிச்சல் எங்கன்னா, ஆதாரையும் பேங்க் புஸ்தகத்தையும் நம்பிக் குடுத்த சனம். கொரோனாப் பணம்னு சொல்லித்தான் பல பேருகிட்ட வாங்குனாங்க. பணம் ஏறுனதும் புரோக்கரு கமிசன எடுத்துக்கிட்டான். சர்க்காரு திருப்பிக் கேட்டப்ப முழுசாக் கேட்டுச்சு. கமிசனுக்கு ரசீது வாங்கி வெக்காதது அந்தச் சனத்தோட குத்தந்தானே அப்புனு? ஏழை பாழைகிட்ட இருந்து வசூல் பண்றதுல நம்ம சர்க்காருக்கு ஒரு சுறுசுறுப்பு இருக்குது பாரு, அத மெச்சோணும்.

உனக்குச் சோதனை வெளிய இருந்து வராது, ஒறம்பறையில இருந்துதான் வரும். பனியன் தைக்கப் பவர்டேபிள் போட்டுருக்கற உன்ற மாமன் கெடா விருந்துல வந்து தோள்ல கை போடுவான். “மாப்ள, மாடியில தொட்டி வெச்சுத் தொளசி வளத்தறேன், நானும் வெவசாயிதானே?” அப்பறம் அத்தைக்கு ஒண்ணு, அத்தை கூட்டாளிக்கு ஒண்ணு. நீ முடியாதுன்னா, “உத்தியோகம் வந்ததும் தலைக்கனம் வந்துருச்சு”ம்பாங்க. சரின்னா, வழக்குன்னு வாறப்ப ஒருத்தனும் ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட வரமாட்டான். அன்னிக்குப் பாத்து எல்லாருக்கும் அவசர ஷிப்மெண்டு இருக்கும்.

ஒண்ணு தெரிஞ்சுக்க. ஒப்படைச்ச பணத்த சர்க்கார் ஊழியன் கையாடுனா முந்தி பழைய தண்டனைச் சட்டத்துல 409-ம் பிரிவு. 2024 சூலையில இருந்து புதுச் சட்டத்துல 316-ல அஞ்சாவது உட்பிரிவு. நெம்பரத்தான் மாத்துனாங்க. ஆயுள் வரைக்கும் போடலாங்கறது அப்படியே இருக்குது.

சரி, எந்திரிச்சுப் போயி மொதல்ல அந்தப் பாஸ்வேர்ட மாத்து. காத்தால டீக்கடையில சொல்றாங்க, உங்கம்மா பேரும் நீ பொறந்த வருசமுமாமா. வருசத்துல ஒரு நெம்பரு தப்பாச் சொன்னான் ஒருத்தன். நாந்தான் திருத்திச் சொல்லிட்டு வந்தேன்.