பத்து மணிக்கு மேல் மேனேஜர்

பகலில் அவர் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வவுச்சர் சரிபார்ப்பவர். மேனேஜர் கூப்பிட்டால் எழுந்து ஓடுவார். இரவு பத்து மணிக்கு வீட்டில் விளக்கு அணைந்ததும் லேப்டாப்பைத் திறந்து அவரே மேனேஜர் ஆகிவிடுவார். இங்கிலாந்தின் மூன்றாம் நிலை டிவிஷனில் தத்தளிக்கும் சின்னஞ்சிறு கிளப் ஒன்று அவர் பொறுப்பில் இருக்கிறது. இருபத்தாறு வீரர்கள், நாலு பயிற்சியாளர்கள், ஒரு பிசியோ. அத்தனை பேரும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பார்கள். மனைவிக்கு விஷயம் தெரியும். ‘எங்கேயாவது ஒரு இடத்தில் கேட்கிறார்களே, போகட்டும்’ என்று விட்டுவிட்டார்.

ஆட்டத்தின் பெயர் ‘ஃபுட்பால் மேனேஜர்’. கால்பந்து ஆட்டம்தான், ஆனால் பந்தை உதைக்க முடியாது. உதைக்கிறவர்களை வேலைக்கு எடுக்கலாம், சம்பளம் பேசலாம், யார் எங்கே நிற்பது என்று சொல்லலாம், தோற்றால் நிருபர்களுக்குப் பதில் சொல்லலாம். 1982-இல் கெவின் டாம்ஸ் என்ற ஆங்கிலேயர் இதே பெயரில் ஒரு கணினி ஆட்டத்தை எழுதி விற்றார். பிறகு பால், ஆலிவர் என்ற கொலியர் சகோதரர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிய ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ 1992-இல் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் அதில் மைதானமே கண்ணில் படாது. வர்ணனை மட்டும் எழுத்தில் ஓடும். ரேடியோ கமென்டரி கேட்டு நகம் கடித்த தலைமுறைக்கு அதுவே போதுமாக இருந்தது. 2003-இல் வீரர்கள் வட்டப் புள்ளிகளாக ஓட ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் சகோதரர்களின் நிறுவனம் பழைய வெளியீட்டாளரைப் பிரிந்து ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற பெயரில் தொடர்ந்தது. இன்னும் சில வருடங்களில் புள்ளிகளுக்குக் கைகால் முளைத்தது.

நம் மேனேஜருக்குக் கால்பந்து அனுபவம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆடியிருக்கிறார். பந்து யாருடையதோ அவன்தான் சென்டர் ஃபார்வர்ட். அவனுடைய நெருங்கிய நண்பர்கள் லெஃப்ட் அவுட், ரைட் அவுட். உடம்பு கனத்தவன் கோலி. ஓடவும் வராது, உதைக்கவும் வராது, ஆனால் ஆள் கணக்குக்கு வேண்டும் என்கிறவனை ‘நீ பேக்ல நில்லுடா’ என்று அனுப்புவார்கள். நம்மவர் ஐந்து வருடம் பேக்கில் நின்றார். அங்கே இருந்து பார்த்ததில் அவர் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று: கால்பந்து என்பது தூரத்தில் நடக்கிற விளையாட்டு.

எனவே அதிகாரம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லாரையும் முன்னால் அனுப்பினார். பின்னால் நாலு பேர், நடுவில் இரண்டு, முன்னால் நாலு. பின்னால் நின்றவர்களையும் சும்மா விடவில்லை. பெரும்பாலான பெயர்களுக்குப் பக்கத்தில் தடுப்பு, ஆதரவு, தாக்குதல் என்ற கடமைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது ஆட்டம். போட முடிந்த அத்தனை பேருக்கும் ‘தாக்குதல்’ என்றே போட்டுக்கொண்டு வந்தார். கல்யாண மொய் எழுதுகிற வேகம்.

ஆறு ஆட்டம் முடிந்தபோது அடித்தது பதினொன்று, வாங்கியது பத்தொன்பது. கிளப் நிர்வாகக் குழு ‘கவலை’ தெரிவித்தது. உள்ளூர் நிருபர் ஒருவர் அதே கேள்வியை ஆறாவது முறையாகக் கேட்டார். மேனேஜர் ஆறாவது முறையாக நடுவரைக் குறை சொன்னார்.

ஏழாவது ஆட்டத்துக்கு முன்னால் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தான். கல்லூரியில் படிக்கிறவன். தேர்வைத் தவிர மற்றதில் முதல் மதிப்பெண்.

“மாமா, என்ன இது? லெஃப்ட் பேக் இடத்துல சிவப்பா ஒரு வட்டம் இருக்கே, பார்த்தீங்களா?”

“பார்த்தேன். ஆபத்தான வீரன்னு அர்த்தம்.”

“ஆபத்து நமக்கு மாமா.”

ஒவ்வொரு வீரனுக்கும் மைதானப் படம் ஒன்று உண்டு. எந்த இடத்தில் அவன் இயல்பாக ஆடுவானோ அங்கே பச்சை. ஓரளவு சமாளிப்பான் என்றால் மஞ்சள். நிற்கவே தெரியாது என்றால் சிவப்பு. வேகம், பாஸ், தலையால் முட்டுவது, நிதானம் என்று ஒவ்வொரு திறமைக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண்ணும் உண்டு. மேனேஜர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து, அதிகம் வாங்கிய பதினொரு பேரை எடுத்து, காலியாக இருந்த கட்டங்களில் உட்காரவைத்திருந்தார். வேகத்தில் 17 வாங்கிய ரைட் விங்கர் ஒருவன் லெஃப்ட் பேக்கில் நின்று, எதிரி முன்னேறும்போதெல்லாம் அதே 17 வேகத்தில் தப்பான பக்கம் ஓடிக்கொண்டிருந்தான்.

மேனேஜர் லேசில் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. “1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ஜர்னைல் சிங் யாரு? டிஃபெண்டர். சையது அப்துல் ரஹீம் அவரைத் தூக்கி ஃபார்வர்டா போட்டார். இறுதி ஆட்டத்துல தென் கொரியாவுக்கு எதிரா கோல் அடிச்சார். 2-1, தங்கம். அவருக்கு எந்த வட்டம் பச்சையா இருந்துச்சு?”

“அவருக்குத் தலையில அடிபட்டுத் தையல் போட்டிருந்தாங்க மாமா. பின்னால நிறுத்த முடியலை, முன்னால அனுப்பினாங்க. உங்க ஆளுக்கு எங்க அடிபட்டிருக்கு?”

அடிபட்டது மேனேஜருக்கு. அடுத்த அஸ்திரத்தை எடுத்தார்: 1958-இல் பிரேசில் உலகக் கோப்பை வாங்கியது இதே 4-2-4 அமைப்பில்தான். ஸ்வீடனை 5-2 என்று துவைத்தார்கள். பையன் அதற்கும் தயாராக இருந்தான். அந்த நாலு ஃபார்வர்டுகளில் இடது ஓரத்தில் ஆடிய சகாலோ, பந்து கைமாறியதும் நடுக்களத்துக்கு இறங்கி வந்து நின்றுகொள்வார். காகிதத்தில் நாலு; களத்தில் பாதி நேரம் மூன்று. “உங்க லெஃப்ட் விங்கர் இறங்கி வரானா?” என்று கேட்டான். வரவில்லை. மேனேஜர்தான் ‘தாக்குதல்’ என்று எழுதிவைத்திருந்தாரே. அவன் எதிரியின் பெனால்ட்டி கட்டத்துக்குப் பக்கத்தில், சாப்பாட்டு நேரத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி காத்துக்கொண்டு நின்றான்.

அன்றிரவு மேனேஜர் படிக்க உட்கார்ந்தார். படித்ததில் முதல் சந்தோஷம், பள்ளி மைதானத்தில் சொன்ன சொற்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தது. பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் என்ற பழைய பிரிட்டிஷ் அமைப்பில் பிறந்தவைதான் அந்த ‘அவுட்’, ‘இன்’, ‘ஹாஃப்’ எல்லாம். 1925-இல் ஆஃப்சைட் விதி மாறியது. அதுவரை ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்கவேண்டும். இனி இருவர் போதும். கோல் மழை கொட்டியது. அந்த அக்டோபரில் ஆர்சனல் நியூகாசிலிடம் 7-0 என்று தோற்றது. மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் தன் வீரர் சார்லி புக்கனின் யோசனைப்படி நடுவில் நின்ற சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து இரண்டு ஃபுல் பேக்குகளுக்கு நடுவே நிறுத்தினார். அப்படி நின்றவருக்குப் பெயர் ‘ஸ்டாப்பர்’. நம்மவர் பள்ளியில் ஐந்து வருடம் நின்ற இடம் அது. ஏழு கோல் வாங்கிய அவமானத்தில் பிறந்த பதவி என்று தெரிந்ததும் அவருக்குக் கண் பனித்தது.

இரண்டாவதாகக் கிடைத்தது சந்தோஷம் இல்லை, குழப்பம். ஆட்டத்தில் இடத்துக்குள் இடமாகப் பாத்திரங்கள் இருந்தன; சிலவற்றின் பெயர்கள் இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி. ‘ரெஜிஸ்தா’ என்றால் இத்தாலியத்தில் இயக்குநர், சினிமா எடுக்கிறாரே அவரேதான். ‘த்ரெக்வார்திஸ்தா’ முக்கால் ஆசாமி. ‘மெத்ஸாலா’ அரைச் சிறகு. ‘என்கான்சே’ ஸ்பானியத்தில் கொக்கி. ‘ரௌம்டாய்ட்டர்’ என்பது 2011-இல் பயர்ன் மியூனிக்கின் தாமஸ் முல்லர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சொல்: காலி இடத்துக்குப் பொருள் சொல்கிறவர். ஜெர்மன் மொழியில் கனவுக்குப் பலன் சொல்கிறவருக்கு இருக்கும் சொல்லில் ஓர் எழுத்தை எடுத்தால் இது வந்துவிடும். மேனேஜர் ஆசையாக ஒவ்வொன்றிலும் ஒருவரை நியமித்தார். ஒரு இயக்குநர், ஒரு முக்கால், ஒரு அரை, ஒரு கொக்கி, பொருள் சொல்ல ஒருவர். எல்லாரும் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கிற ஜாதி. பந்தைப் பிடுங்கிக் கொண்டுவந்து இவர்களிடம் கொடுக்க யாருமில்லை. 0-5.

“மெக்கலேலே” என்றான் பையன், போர்வைக்குள்ளிருந்து.

ரியல் மாட்ரிட் 2000-இல் ஃபிகோ, 2001-இல் ஜிடான், 2002-இல் ரொனால்டோ என்று வருடத்துக்கு ஒரு நட்சத்திரமாக வாங்கிக்கொண்டிருந்தது. 2003-இல் பெக்கம் வந்தார். அதே கோடையில் கிளாத் மெக்கலேலே சம்பளம் கூட்டிக் கேட்டார், முடியாது என்றார்கள், செல்சீக்குப் போய்விட்டார். அவர் கோல் அடிக்கிறவர் இல்லை. தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்று, நட்சத்திரங்கள் கோட்டைவிட்ட பந்தையெல்லாம் பொறுக்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். அவ்வளவுதான் வேலை. அந்த சீசனின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடத்தில் முடித்தது ரியல் மாட்ரிட். செல்சீ அதற்கு அடுத்த சீசனில் 38 ஆட்டங்களில் 15 கோல்தான் வாங்கியது, கோப்பையையும் வாங்கியது.

கதை புரிந்தது. ஆனால் களத்தில் அந்த ஆள் என்னதான் செய்கிறார் என்பதை மேனேஜர் கண்ணால் கண்டது ஒரு கல்யாணத்தில்தான்.

சொந்தத்தில் கல்யாணம். மணமகனின் நண்பர்கள் தாங்களே பரிமாறுவதாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆளாளுக்கு ஓடிப்போய்ப் பாத்திரம் எடுத்ததில் நாலு பேர் கையில் ஜாங்கிரி, மூன்று பேர் கையில் பாயசம், இருவர் கையில் அப்பளக் கூடை. புகைப்படக்காரர் வேறு இனிப்புப் பக்கமே நின்றார். சாத வாளியை யாரும் தொடவில்லை. சாம்பார் வாளியோடு ஒரு பையன் வந்து, சாதமில்லாத இலையைப் பார்த்து, தயங்கி, ஜாங்கிரி மேல் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனான். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் காலி டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போது சமையல் மாஸ்டர் வெளியே வந்தார். இரண்டு பேரைச் சாதத்துக்கு அனுப்பினார், ஒருவரைத் தண்ணீருக்கு. பிறகு பெண் வீட்டுச் சித்தப்பா ஒருவரை வரிசை நடுவில் நிறுத்தினார். அவர் கையில் எதுவும் இல்லை. மெதுவாக நடந்தார், இலைகளைப் பார்த்தார். “ரெண்டாம் வரிசைக்கு ரசம்! தம்பி, நீ அங்க போகாத, இங்க வா.” பத்து நிமிடத்தில் பந்தி ஓட ஆரம்பித்தது.

பந்தி விசாரணை! மேனேஜர் மோர் வருவதற்குள் எழுந்துவிட்டார்.

அன்றிரவு அமைப்பு மாறியது. 4-3-3. ரைட் பேக் ஏறலாம், ஆனால் அவன் ஏறினால் லெஃப்ட் பேக் வீட்டைக் காக்கவேண்டும். இடது விங்கர் உள்ளே வெட்டிப் போகிறவன் என்றால் வலது விங்கர் ஓரத்தோடு ஒட்டி ஓடவேண்டும். இரண்டு பேரும் உள்ளே வந்தால் நடுவில் நெரிசல், ஓரத்தில் காலி. நடு மூவரில் ஒருவன் ஓடிப் போகிறவன், ஒருவன் பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன், மூன்றாமவன் விசாரணை. அந்த மூன்றாம் இடத்துக்குச் சந்தையில் தேடி, 32 வயதில் கிளப் இல்லாமல் இருந்த ஒருவரைச் சல்லிசாகப் பிடித்தார். வேகம் 8. ஷாட் 6. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் திறமை மட்டும் 16. வட்டம் பச்சைப் பசேல் என்று இருந்தது.

நாலு ஆட்டம் தோல்வி இல்லை. ஐந்தாவதில் ஒரு சிக்கல். எதிரணியின் சென்டர் ஃபார்வர்ட் முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி இறங்கிப் போனான். நம் ஸ்டாப்பர் அவன் பின்னாலேயே போக, விட்டுப்போன பள்ளத்தில் இன்னொருவன் புகுந்து கோல் அடித்தான். பையனுக்கு போன் போட்டார் மேனேஜர். அவன் கொட்டாவியோடு 1953 நவம்பர் 25 என்றான். வெம்ப்லியில் ஹங்கேரி. ஐரோப்பியக் கண்டத்து அணி எதுவும் அதுவரை இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றதில்லை. ஒன்பதாம் எண் சட்டை போட்ட ஹிடெக்குட்டி ஒன்பதாம் இடத்தில் நிற்கவே இல்லை, பின்னால் இறங்கிவிட்டார். இங்கிலாந்தின் ஹாரி ஜான்ஸ்டனுக்குப் பின்தொடர்வதா, நின்ற இடத்தில் நிற்பதா என்று தெரியவில்லை. ஹிடெக்குட்டி மூன்று கோல் போட்டார், ஆட்டம் 6-3.

“உங்க ஸ்டாப்பரை நகராம நிக்கச் சொல்லுங்க. இறங்கி வர்றவனை விசாரணைக்காரர் பார்த்துக்குவார்.”

பார்த்துக்கொண்டார். ஆட்டம் டிரா.

இப்போது ஆட்டத்தின் 2025 நவம்பர் பதிப்பில், பந்து நம்மிடம் இருக்கும்போது ஓர் அமைப்பு, இல்லாதபோது வேறோர் அமைப்பு என்று இரண்டையும் தனித்தனியாக வரைந்து கொடுக்கவேண்டும் என்கிறான் பையன். சகாலோ தன்பாட்டுக்குச் செய்ததற்கு இப்போது தனித்திரையே வந்துவிட்டது. மேனேஜர் பழைய பதிப்பே போதும் என்று இருக்கிறார். ஒன்றை வரைவதற்கே அவருக்கு ஒரு கல்யாணம் தேவைப்பட்டது.

சீசன் முடிந்தது. அணி ஏழாம் இடம். இருபத்திரண்டு கோல் அடித்த ஃபார்வர்டுக்கு ரசிகர்கள் ‘ஆண்டின் சிறந்த வீரர்’ விருது கொடுத்தார்கள். விசாரணைக்காரரின் பக்கத்தைத் திறந்தார் மேனேஜர்: 41 ஆட்டம், 0 கோல், 12 மஞ்சள் அட்டை. தண்ணீர் குடிக்க எழுந்த மகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“எல்லாருக்கும் போட்டோ இருக்கு, இந்த அங்கிளுக்கு மட்டும் ஏம்ப்பா வெறும் நிழல்?”

ஆட்டத்தில் சில வீரர்களுக்கு முகம் கிடையாது. தலையும் தோளுமாக ஒரு சாம்பல் நிற உருவம்தான்.

“இவர் என்ன பண்ணுவார்?”

“பேக்ல நிப்பார், அதுக்குக் கொஞ்சம் முன்னால” என்றார் மேனேஜர். ஒரு வருட நீட்டிப்புக்கான ஒப்பந்தத்தை எடுத்து, வாரச் சம்பளத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. நிழல் அதைப்போல இரண்டு மடங்கு கேட்டிருந்தது.