எல்.எல்.ஆர். சித்தப்பா

"கொரோனா மட்டும் வரலைன்னா இந்நேரம் நான் கன்னியாகுமரிக்கே ஓட்டிட்டுப் போயிருப்பேன்."

இதைச் சொல்லும்போது சித்தப்பா உட்கார்ந்திருப்பது முன்சீட்டில், இடது பக்கம். ஓட்டுவது நான். வண்டி அவருடையது, லைசென்ஸ் என்னுடையது. இப்படி ஒருவர் சித்தப்பாவாகவோ, மாமாவாகவோ, மேல்வீட்டு சாராகவோ எல்லாருக்கும் வாய்த்திருக்கிறார் என்று தெரியும். உங்களுடையவரைப் பற்றி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

"டெஸ்ட் எப்போ மாமா?" என்று அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. குடும்பத்துக்குப் புதிதாக வரும் மாப்பிள்ளைகள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். என் வீட்டுக்காரரும் செய்தார். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, 2020 மார்ச் 30-லிருந்து ஆரம்பித்தார்.

"மொத சர்க்குலர் அன்னிக்குத்தான் வந்துச்சு மாப்ள. பிப்ரவரி 1-க்கு அப்புறம் காலாவதியான லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி. எல்லாம் ஜூன் 30 வரைக்கும் செல்லும்னு மத்திய போக்குவரத்து அமைச்சகம் சொல்லிருச்சு. சரியா? ஜூன் 9-ல அடுத்தது. அது செப்டம்பர் 30 வரைக்கும். ஆகஸ்ட் 24-ல ஒண்ணு. அது டிசம்பர் 31 வரைக்கும்."

இந்த இடத்தில் காபி வந்தது. மாப்பிள்ளைக்குத் தப்பிக்க ஒரு வழி கிடைத்தது என்று நினைத்தேன். சித்தப்பா காபியை நிதானமாக ஆற்றிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். டிசம்பர் 27-ல் வந்த உத்தரவு, 2021 மார்ச் 31 வரை. மார்ச் 26-ல் வந்தது, ஜூன் 30 வரை. ஜூன் 17-ல் வந்தது, செப்டம்பர் 30 வரை. கடைசியாக, கெடு முடிகிற அதே செப்டம்பர் 30 அன்று இன்னொன்று. அது அக்டோபர் 31 வரை.

"ஒரு மாசம் மாப்ள! அத்தனை தடவையும் மூணு மாசம் மூணு மாசமாக் குடுத்துட்டு, கடைசியில ஒரே ஒரு மாசம். மனுசன் அதுக்குள்ள என்ன பண்ணுவான்?"

சித்தியின் பிறந்தநாள் இவருக்கு நினைவிருக்காது. கேஸ் புக் பண்ணிய தேதி நினைவிருக்காது. ஆனால் இந்த ஏழு உத்தரவுகளையும் எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். 2019 அக்டோபரில் அவர் வாங்கிய எல்.எல்.ஆருக்கு, அதாவது பழகுநர் உரிமத்துக்கு, ஆறு மாதம்தான் ஆயுள். 2020 ஏப்ரலில் அது கண்ணை மூடியிருக்க வேண்டும். பாசக் கயிறு விழும்போதெல்லாம் டெல்லியிலிருந்து ஒரு தாள் வந்து காப்பாற்றியதில், அது 2021 அக்டோபர் வரை மார்க்கண்டேயனாக வாழ்ந்துவிட்டது. அந்த உத்தரவுகளில் எல்.எல்.ஆர். என்று எழுதியிருந்ததா என்று நான் கேட்டிருக்கிறேன். "மற்ற ஆவணங்களும்னு ஒரு வரி இருக்குல்ல? அதுல என்னோடது அடக்கம்" என்பார். அந்த வரிக்கு மட்டும் மஞ்சள் மார்க்கர் தடவியிருப்பார்.

இதெல்லாம் இருப்பது ஒரு ஊதா நிற பிளாஸ்டிக் ஃபைலில். மேல் மடிப்பில் லேமினேட் செய்த எல்.எல்.ஆர். அடியில் எல்லா உத்தரவுகளும் பிரிண்ட் எடுத்து, வந்த வரிசைப்படி. ஓரத்தில் வண்டியின் இன்சூரன்ஸ். ஓட்டுகிற நான் என் லைசென்ஸைக் கைப்பையில் எங்கேயோ சீப்போடும் சில்லறையோடும் போட்டு வைத்திருக்கிறேன். ஓட்டாத அவர் மடியில் ஃபைல் இல்லாமல் வண்டி ஏற மாட்டார்.

2021 ஏப்ரல் கடைசி. இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போலீஸ் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியை இறக்கினேன். கான்ஸ்டபிள் என்னைத் தாண்டி சித்தப்பாவைப் பார்த்தார்.

"சார், மாஸ்க்?"

சித்தப்பா ஃபைலை நீட்டினார்.

"என்ன சார் இது?"

"எல்லாம் செல்லும் சார். ஜூன் 30 வரைக்கும். மார்ச் 26-ஆம் தேதி உத்தரவு, நாலாவது தாள்ல இருந்து பாருங்க."

"சார், வண்டி ஓட்டுறது அந்தம்மா. நான் கேட்டது மாஸ்க்."

மாஸ்க் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. இருநூறு ரூபாய் கட்டினோம். ரசீதை வாங்கி அதையும் ஃபைலில் வைத்துக்கொண்டார். பால்பண்ணை வரும்வரை பேசவில்லை. வந்ததும், "அவரு அஞ்சாவது தாளைப் பாத்திருந்தார்னா விட்டுருப்பார்" என்றார்.

அவருடைய மற்ற குணங்களையும் சில வரிகளில் சொல்லிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லித்தருபவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். எங்கள் ஆல்டோவில் அது இல்லை என்பதை சித்தப்பாவின் வலது கால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் லாரியை முந்தினால் தரையை மிதிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிஷம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஓடாமல் நிற்கும் வண்டிக்குள் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதாம். "வெளியே எடுத்துட்டுப் போங்களேன், நான் பக்கத்துல உக்காருறேன்" என்றால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், 2019-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் தெரியுமா என்பார். எல்.எல்.ஆர். செல்லும் என்று கான்ஸ்டபிளிடம் வாதாடியவர் இவர்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தக் கணக்கை எங்கள் வீட்டில் எல்லாரும் மனசுக்குள் போட்டிருக்கிறார்கள், வாய்விட்டுச் சொன்னதில்லை. 2019 விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். அடுத்த வாரம் எல்.எல்.ஆர். கைக்கு வந்தது. முப்பது நாள் கழிந்தால் டெஸ்டுக்குப் போகலாம். அதாவது நவம்பர் நடுவில். தமிழ்நாட்டில் ஊரடங்கு வந்தது 2020 மார்ச் 24 மாலை. நடுவில் நான்கு மாதம் கிடக்கிறது. அந்த நான்கு மாதமும் நாட்டில் எந்தக் கிருமியும் சித்தப்பாவை மறிக்கவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் தினமும் திறந்திருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் காலையில் வந்து, வரிசையில் நின்றவர்களை எட்டு போடச் சொல்லியும் காரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லியும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் மழை. மழையில் கண்ணாடி மங்கும். மார்கழியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது. தையில் வரிசையாகக் கல்யாணங்கள். மாசியில், "ஏப்ரல் வரைக்கும் டைம் இருக்கே, இப்ப என்ன அவசரம்?" பங்குனி பிறந்த பதினோராம் நாள் ஊரே இழுத்து மூடப்பட்டது. அன்று மாலை சித்தப்பா டி.வி. முன்னால் உட்கார்ந்து விட்ட பெருமூச்சை நான் பார்த்தேன். ஊரே கவலையில் விட்ட பெருமூச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அது வேறு மாதிரி இருந்தது.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனின் மகன் ஹோட்டலில் சப்ளையராக இருந்தான். 2020-ல் ஹோட்டலை மூடினார்கள், வேலை போயிற்று. அப்போது ஊரில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது சாப்பாடு டெலிவரிக்குத்தான். அதற்கு பைக் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். பைக்கை மாமாவிடம் கடனாக வாங்கிவிட்டான். கையில் எல்.எல்.ஆர். இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எட்டு போடுவான், கால் தரையில் படாது. டெஸ்டுக்குத் தேதிதான் கிடைக்கவில்லை. இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு எடுக்கும் ஆட்களைக் குறைத்திருந்தார்கள். மூடியிருந்த மாதங்களில் தேங்கிப்போனவர்கள் எல்லாரும் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். சாரதி இணையதளத்தைத் திறந்தால் ஸ்லாட் எல்லாம் நிரம்பிவிட்டதாகக் காட்டும். டிரைவிங் ஸ்கூல் வழியாகப் போனவர்களுக்கு எப்படியோ தேதி விழுந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து தானாகத் தேடியவனுக்கு விழவில்லை. ஒருவழியாகக் கூட்டம் குறையும்போது 2021 மே மாதம் மறுபடி ஊரடங்கு.

சித்தப்பா மனப்பாடமாக வைத்திருக்கும் ஏழு உத்தரவுகளால் அவனுக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்தவருக்கு, பெர்மிட் வைத்திருந்த லாரிக்காரருக்கு அவை பெரிய உதவி, அதை மறுக்க முடியாது. கையில் எதுவும் இல்லாதவனுக்கு எதை நீட்டித்து என்ன? "உன் எல்.எல்.ஆர். இன்னும் செல்லும்" என்றால், இன்னும் மூன்று மாதம் படிக்கட்டில் உட்கார் என்றுதான் அவனுக்குக் கேட்கும். டெலிவரி வேலை கொடுப்பவர்கள் எல்.எல்.ஆரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2021 பிப்ரவரியில் சித்தப்பாவுக்கு ஸ்லாட் கிடைத்தது. நான்தான் போட்டுக் கொடுத்தேன். அன்று காலை குளித்து, விபூதி பூசி, ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் வரை என்னோடு வந்தார். இறங்கிப் பார்த்தார். "என்னம்மா இவ்வளவு கூட்டம்? கொரோனா காலத்துல இதுக்குள்ள போறது புத்திசாலித்தனமா?" என்று சொல்லி மறுபடி ஏறிக்கொண்டார். வரும் வழியில் டிபன் வாங்கிக்கொண்டோம். டிபன் கடையில் அதைவிடக் கூட்டம். அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் அன்றைக்கு ஒரு பையன் எட்டு போட்டிருக்கலாம். தேக்கம், தேக்கம் என்று மூன்று வருஷம் புலம்பினாரே, அந்தத் தேக்கத்தில் ஒரு ஆள் இவர். வாட்ச்மேன் மகன்தான் எங்கள் ஆல்டோவையும் கழுவுகிறான். அவனுக்கு இது தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவும் சொன்னபிறகு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பாவம். எங்கள் குடும்பத்தில் லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எழுத்துத் தேர்வுக்குப் பாடம் எடுத்தவர் சித்தப்பா. வட்டத்துக்குள் இருந்தால் கட்டாயம், முக்கோணத்துக்குள் இருந்தால் எச்சரிக்கை, செவ்வகத்தில் இருந்தால் தகவல். மொட்டை மாடியில் கரித்துண்டால் வரைந்து வரைந்து கேட்பார். ஆம்புலன்ஸுக்கு எப்படி வழி விடுவது, ரவுண்டானாவில் யாருக்கு முன்னுரிமை, மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஏன் ஒதுங்க வேண்டும், எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்றைக்கும் மஞ்சள் விளக்கில் நான் நிறுத்துகிறேன் என்றால், பின்னால் வருகிறவர் ஹார்ன் அடித்துத் திட்டினாலும் நிறுத்துகிறேன் என்றால், அது அவர் போட்ட பாடம். டெஸ்ட் வைக்கும் இன்ஸ்பெக்டரையே உட்கார வைத்துக் கேள்வி கேட்கக்கூடியவர். ஸ்டியரிங்கைக் கொடுத்தால்தான் கை நடுங்கும். அந்த நடுக்கத்தை நான் பார்த்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, கொரோனாவைப் பற்றி என்னிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார்.

பழைய எல்.எல்.ஆர். 2021 அக்டோபரோடு போய்ச் சேர்ந்தபிறகு புதிது எடுத்தார். அதுவும் காலாவதியானது. இடையில் வேறொரு நம்பிக்கை வந்தது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படித்துத் தேறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை என்று 2021 ஜூலையில் விதி வந்ததல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் மையம் திறக்கட்டும் என்று காத்திருந்தார். 2024-ல், "ஜூன் 1 முதல் ஆர்.டி.ஓ. டெஸ்ட்டே கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. குடும்ப குரூப்பில் அதை முதலில் போட்டவர் யார் என்று சொல்ல வேண்டுமா? விதி எதுவும் மாறவில்லை என்று அமைச்சகம் விளக்கம் கொடுத்த செய்தியை நான் அதற்குக் கீழே போட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அப்புறம் சித்தியே களத்தில் இறங்கினார். "பேரன் பொறந்து அவன் லைசென்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடியாவது எடுங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். இன்னொரு எல்.எல்.ஆர். எடுத்தோம். 2025 ஜனவரியில் தேதி கிடைத்தது. தேங்கியிருந்த கூட்டமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டதால் உடனே கிடைத்தது. இந்த முறை சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

அந்த வாரம்தான் எச்.எம்.பி.வி. செய்தி வந்தது. சென்னையில் ஒருவருக்கு, சேலத்தில் ஒருவருக்கு. கவலைப்பட வேண்டியதில்லை, பல காலமாக இருக்கும் கிருமிதான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. சித்தப்பா எனக்குப் போன் செய்தார். அவர் குரலில் அவ்வளவு தெம்பைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"சேலம் வரைக்கும் வந்துருச்சாம்மா. சேலத்துக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் சொல்லு? டெஸ்ட்டையெல்லாம் தள்ளி வச்சுருவாங்க, நீ வேணா பாரு. உத்தரவு வந்தா எனக்கு அனுப்பு."

உத்தரவு எதுவும் வரவில்லை. டெஸ்ட் அன்று காலை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வழக்கம்போல் திறந்திருந்தது. சித்தப்பாவுக்குத்தான் தொண்டையில் லேசாகக் கரகரப்பு.