கூட்டிச் சொல்லும் முள்

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வதற்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு: கூட்டிச் சொல்லலாம், குறைத்துச் சொல்லக் கூடாது. கார் ஸ்பீடோமீட்டருக்கு இதே விதியை ஐ.நா. எழுத்திலேயே வைத்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் 39-ஆம் எண் வாகன விதி அது.

அதன்படி, முள் காட்டும் வேகம் உண்மை வேகத்துக்குக் கீழே போகவே கூடாது. மேலே போகலாம், பத்து சதவீதமும் அதன்மேல் மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை. அதாவது 100-இல் ஓடும் வண்டி 114 என்று காட்டினாலும் சோதனையில் தேர்ச்சிதான். முள் 100-ஐத் தொட்டதும் மார்தட்டுகிறவர் உண்மையில் 88-இல் போய்க்கொண்டிருக்கலாம். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கைப்பேசி ஜிபிஎஸ்ஸைப் பார்க்காதவரை குடும்பத்தில் அமைதி நிலவும்.

தயாரிப்பாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்பீடோமீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை; சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, டயரின் சுற்றளவை ஊகித்துக்கொள்கிறது. டயரோ நிலையானதல்ல. 8 மில்லிமீட்டர் பட்டை 1.6-க்குத் தேய்ந்தால் சுற்றளவு ஏறக்குறைய இரண்டு சதவீதம் சுருங்கும். முள் இன்னும் கொஞ்சம் பெருமையடிக்கும். காற்றழுத்தம் குறைந்தாலும் அப்படித்தான். டயர் எப்படி மாறினாலும் முள் உண்மைக்குக் கீழே போய்விடக் கூடாது என்பதால் தொழிற்சாலையிலேயே கூட்டி வைத்துவிடுகிறார்கள்.

அழகுக்காகப் பெரிய டயர் மாட்டுகிறவர்கள் கதை தலைகீழ். அங்கே முள் அடக்கமாகிவிடும், வண்டிதான் எல்லை மீறும். வேகக் கேமரா அளப்பது வண்டியை. முள் என்ன சொன்னது என்று அது கேட்பதில்லை.